பட்டரவாக்கம் வழியாக ஐரோப்பா

காலை வேளையில் ஆவடி லோக்கல் இரண்டு திசையிலும் நிறைந்துதான் ஓடும். சென்ட்ரலை நோக்கி வருகிறவர்களுக்குப் பாரிமுனையிலும் கோட்டையிலும் வேலை. எதிர்த்திசையில் போகிறவர்களுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில். மூர் மார்க்கெட் வளாகத்தில் நான் ஏறியது இரண்டாவது கூட்டத்தோடு. பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர், வில்லிவாக்கம், கொரட்டூர் என்று நின்று நின்று போன வண்டி, பட்டரவாக்கம் வந்ததும் பெரும்பாலும் காலியாகிவிட்டது. சாப்பாட்டுப் பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக இறங்கியவர்கள் ஓடாத குறையாக நடந்தார்கள். நேரம் தப்பினால் அரை நாள் சம்பளம் போய்விடும் என்றார் கூட நடந்த ஒரு பெண். ஏற்றுமதிச் சட்டைக்குக் காலர் வைக்கிறவர். எந்த நாட்டுக்குப் போகிறது என்று கேட்டேன். "லேபிள்ல யூரோ சைஸ்னு போட்டிருக்கும் சார். அவ்வளவுதான் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கேட்டுக்குள் நுழைந்துவிட்டார்.

அந்தச் சட்டை ஐரோப்பிய ஒன்றியத்தின் துறைமுகம் ஒன்றில் இறங்கும்போது அதன் மேல் விழும் பொதுவான வரி நூற்றுக்கு 12. வளரும் நாடுகளுக்கென்று ஒன்றியம் வைத்திருக்கும் சலுகைத் திட்டத்தில் இந்தியாவுக்குக் கொஞ்சம் குறைப்பு இருந்தது. அந்தச் சலுகையும் வரவரத் தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. வங்கதேசத்தில் தைத்த சட்டைக்கு அங்கே வரியே கிடையாது. மிகவும் பின்தங்கிய நாடுகளிலிருந்து ஆயுதம் தவிர எதைக் கொண்டுவந்தாலும் வரியில்லை என்று 2001-இல் ஒன்றியம் முடிவெடுத்தது. டாக்காவிலும் அம்பத்தூரிலும் ஒரே துணி, ஒரே தையல் மிஷின், ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடும் கைகள் என்று வைத்துக்கொண்டாலும், இங்கே காலர் வைப்பவர் வேலை தொடங்கும் முன்பே நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் அளவில் பின்தங்கிவிடுகிறார். வங்கதேசம் 2026 நவம்பரில் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து வெளியேற வேண்டும். அதற்குப் பிறகும் மூன்று ஆண்டுகள் அந்தச் சலுகை தொடரும்.

ஐரோப்பாவோடு வியாபாரம் என்றாலே பத்திரிகைகளில் டெல்லியும் பிரஸ்ஸல்ஸும்தான் வரும். கைகுலுக்கும் படம், பின்னால் கொடிகள். அந்தச் சுங்கச் சுவர் சரக்கு உருவாகிற இடத்திலிருந்து பார்த்தால் எவ்வளவு உயரம் தெரிகிறது என்று பார்க்க ஆசைப்பட்டுத்தான் இந்தப் பக்கம் வந்தேன். அதற்கு அம்பத்தூரைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் குறைவு. காமராஜர் முதல்வராகவும் ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராகவும் இருந்த காலத்தில் 1958-இல் கிண்டியில் தொழிற்பேட்டை வந்தது. அந்தச் சூட்டோடு 1960களில் ஏரிகளுக்கு நடுவே விரிந்தது இந்த எஸ்டேட். ஆயிரம் ஏக்கரைத் தாண்டிய பரப்பு. வடக்குப் பகுதி, தெற்குப் பகுதி, முதல் மெயின் ரோடு, இரண்டாவது மெயின் ரோடு என்று தெருவுக்கு ஒரு பெயர்கூட யோசிக்காமல் எண் போட்டுவிட்டார்கள். பழைய ஷெட்டுகள் பல இடிந்து கண்ணாடி மாளிகைகளாகி, அங்கே கணினி முன் உட்கார்ந்திருக்கிறவர்கள் அமெரிக்க நேரத்துக்குத் தூங்கி எழுகிறார்கள். அவர்களுடைய ஏற்றுமதிக்குத் துறைமுகமும் வேண்டாம், சுங்க அதிகாரியும் வேண்டாம். அந்த மாளிகைகளின் பின்பக்கச் சந்துகளில்தான் இன்னும் கட்டிங் ஆயில் வாசனை அடிக்கிறது.

அப்படி ஒரு சந்தில், நண்பர் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்த பட்டறைக்குப் போனேன். போல்ட் செய்கிற இடம். உரிமையாளருக்கு அறுபது வயது இருக்கும். இதே எஸ்டேட்டில் ஒரு பெரிய கம்பெனியில் டூல் ரூமில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்து தொடங்கியவர். நுழைந்ததும் இடது கைப்பக்கம் கம்பிச் சுருள்கள் அடுக்கியிருந்தன. கம்பி ஹெட்டர் மிஷினுக்குள் போகிறது. வெட்டி, ஒரு அடி, இரண்டு அடி, தலை உருவாகி மறுபக்கம் பொத்துப் பொத்தென்று ட்ரேயில் விழுகிறது. பிறகு த்ரெட் ரோலிங், சூட்டில் பதப்படுத்தல், சிங்க் பிளேட்டிங். கடைசி இரண்டும் வெளியே ஜாப் ஒர்க். பேசினால் கத்தித்தான் பேச வேண்டும் என்பதால் அவர் என்னைச் சின்ன அறைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார்.

ஜெர்மனியில் ஒரு மொத்த வியாபாரிக்குச் சில ஆண்டுகளாகத் தன் பெயரிலேயே சரக்கு அனுப்புகிறார். போல்ட்டுக்கு ஒன்றியத்தின் பொது வரி நூற்றுக்கு 3.7. "அது ஒரு விஷயமே இல்ல சார். அதை வாங்குறவன் கட்டுறான். நம்ம ரேட்டுல அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் கட்டும்." அமெரிக்காவைப் பற்றிக் கேட்டேன். இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். 2019 ஜூனில் சலுகைப் பட்டியலிலிருந்து இந்தியாவை எடுத்தார்கள். 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியச் சரக்குகள் பலவற்றின் மேல் வரி நூற்றுக்கு 50 ஆனது. அந்தப் பக்கம் அவர் எப்போதும் போனதில்லை. போனவர்கள் பட்ட பாட்டைப் பக்கத்து ஷெட்டில் பார்த்திருக்கிறார்.

பிறகு அவர் எழுந்துபோய்ச் சுருளில் கட்டியிருந்த தகரத் துண்டு ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தார். கட்டைவிரல் அகலம். கம்பியின் விட்டம், கிரேடு, எடை, அதற்குக் கீழே ஹீட் நம்பர். உலையில் ஒரு தடவை உருக்கி ஊற்றிய எஃகுக்குக் கொடுக்கும் எண் அது. விசாகப்பட்டினமோ சேலமோ, எந்த ஆலையில் எந்த நாளில் எந்த உலையில் ஊற்றியது என்று அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் தெரிந்துவிடும். இதுவரை அந்த எண்ணுக்கு ஒரே பயன்தான்: போல்ட் உடைந்தால் யார் மேல் பழி என்று கண்டுபிடிக்க. இப்போது ஜெர்மன்காரர் கேட்பது வேறு. இந்த ஹீட்டில் ஒரு டன் எஃகு செய்ய எத்தனை டன் கரிப்புகை வெளியேறியது?

கார்பன் எல்லை வரி என்று நாம் சொல்கிற ஏற்பாடு இது. 2023 அக்டோபர் முதல் ஒன்றியம் கணக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. 2026 ஜனவரி 1 முதல் கணக்கோடு பணமும். இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் என்ற பட்டியலில் திருகாணியும் போல்ட்டும் நட்டும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அந்த ஊரில் எஃகு ஆலை புகைக்குக் காசு கட்டும்போது வெளியூர் எஃகு கட்டாமல் நுழைவது நியாயமில்லை என்பது அவர்கள் வாதம். வாதத்தில் பிழை சொல்வது எனக்குக் கடினம். இந்திய எஃகுக்கு டன்னுக்குச் சுமார் 2.5 டன் கரிப்புகை. உலகச் சராசரி 1.9-ஐ ஒட்டி. ஆனால் அந்தப் புகை வந்தது ஆலையின் உலையிலிருந்து. பட்டறைக்காரர் உலையைப் பார்த்ததுகூட இல்லை. கம்பியை அவர் ஆலையிடம் வாங்குவதுமில்லை. ஆலை இவ்வளவு சின்ன ஆளுக்கு விற்காது. டீலரிடம் கேட்டாராம். டீலர் சிரித்திருக்கிறார்: "பில்லு வேணும்னா தரேன், டெஸ்ட் சர்டிபிகேட் வேணும்னா தரேன். புகைக்கு நான் எங்க போவேன்?"

ஆண்டுக்கு மொத்தம் 50 டன்னுக்குக் குறைவாக இறக்குமதி செய்கிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை என்று பின்னால் ஒரு விலக்குக் கொடுத்தார்கள். அந்த வரம்பு இறக்குமதியாளருக்கு, அனுப்புகிறவருக்கு அல்ல. ஜெர்மன்காரர் நாலு நாட்டிலிருந்து வாங்குகிறவர். அவர் வரம்பைத் தாண்டிவிட்டால் அம்பத்தூரிலிருந்து போகும் நாலு மரப்பெட்டியும் கணக்குக்குள் வந்துவிடும். கணக்குத் தராவிட்டால் ஒன்றியமே ஒரு அளவை வைத்துக்கொள்ளும். அது வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாக வைக்கப்பட்ட அளவு.

சுங்க ஒன்றியம் என்கிற ஏற்பாட்டைப் பட்டறைக்காரருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு அவர்தான் விளக்கினார். அவருடைய பெட்டி நெதர்லாந்தின் ராட்டர்டாமில் இறங்கும். வரியை அங்கேயே கட்டியாகிவிடும். பிறகு லாரியில் ஜெர்மனிக்குப் போனாலும் போலந்துக்குப் போனாலும் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. 1968 ஜூலை 1 அன்று ஆறு நாடுகள் தங்களுக்குள் சுங்கத்தை எடுத்துவிட்டு வெளியே ஒரே வரிப்பட்டியலை வைத்தன. இன்று 27 நாடுகள், அதே ஒரே பட்டியல். வசூலிக்கிற நாடு நூற்றுக்கு 25-ஐத் தன் கைச்செலவுக்கு வைத்துக்கொண்டு மீதி 75-ஐ ஒன்றியத்தின் கருவூலத்துக்கு அனுப்பிவிடும். வெளியே இருக்கிறவனுக்கு இதில் வசதியும் உண்டு, ஒரே வாசல் என்பதால். எனக்குப் புதிதாக இருந்தது இன்னொன்று. பொருளின் விலையோடு கப்பல் கூலியையும் இன்சூரன்ஸையும் கூட்டி, அந்த மொத்தத்துக்குத்தான் ஒன்றியம் வரி போடுகிறது. அமெரிக்கா அப்படிச் செய்வதில்லை. 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கி, கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக ஆரம்பித்தபோது கூலி எகிறியது. கூலி எகிறியதும் வரியும் தானாக எகிறியது. ஏமன் கரையில் யாரோ விட்ட ஏவுகணைக்கு அம்பத்தூர் போல்ட் கூடுதல் சுங்கம் கட்டியிருக்கிறது.

இதே போல்ட்டைத் துருக்கியில் செய்தால் வரி கிடையாது. ஒன்றியத்தில் உறுப்பினர் இல்லாமலே 1995 டிசம்பர் 31 முதல் தொழிற்பொருட்களுக்கு மட்டும் துருக்கி அந்தச் சுங்க வளையத்துக்குள் இருக்கிறது. பொறாமைப்படுவதற்கு முன்னால் அவர்கள் கட்டும் விலையையும் பார்க்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்குக்கு எவ்வளவு வரி என்பதைப் பிரஸ்ஸல்ஸ் தீர்மானிக்கும். துருக்கிக்கு அங்கே ஓட்டு இல்லை. ஒன்றியம் மெக்சிகோவோடு ஒப்பந்தம் போட்டால் மெக்சிகோ சரக்கு ஐரோப்பா வழியாகத் துருக்கிக்குள் சும்மா வந்துவிடும். துருக்கிச் சரக்கு மெக்சிகோவுக்குப் போனால் வரி கட்ட வேண்டும். கார்பன் கணக்கிலும் துருக்கிக்கு விலக்கு இல்லை. பாதி உள்ளே, பாதி வெளியே நிற்பவனின் நிலைமை முழுக்க வெளியே நிற்பவனைவிட மேலா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"பூந்தமல்லில நம்ம ஏஜென்ட் இருக்காரு, அவர்கிட்ட பேசுங்க, எல்லாம் சொல்லுவாரு" என்று முகவரி எழுதிக் கொடுத்தார் பட்டறைக்காரர். எஸ்டேட்டிலிருந்து வெளியே வந்து ஆவடிக்கு ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

இந்தச் சாலையில் பஸ் நிறுத்தங்களின் பெயர்களைக் கேட்டாலே தொழில் வரலாறு வந்துவிடும். பாடி பக்கம் பிரிட்டானியா. அம்பத்தூரில் டன்லப், டயர் ஆலை படுத்துப் பல ஆண்டுகளாகியும் கண்டக்டர்கள் இன்னும் அந்தப் பெயரைத்தான் கூவுகிறார்கள். அப்புறம் டி.ஐ. சைக்கிள். அதைத்தான் நான் பார்க்க வேண்டியிருந்தது.

சுதந்திரம் வந்ததும் இந்தியா வெளிநாட்டுச் சைக்கிளுக்குக் கதவைச் சாத்தத் தொடங்கியது. அதுவரை ஹெர்குலிசும் பி.எஸ்.ஏ.வும் ராலேயும் கப்பலில் வந்து இறங்கிக்கொண்டிருந்த நாடு இது. கப்பலில் வர முடியாதென்றால் என்ன செய்வது? பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனம் முருகப்பா குடும்பத்தோடு கைகோத்து 1949-இல் அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனி தொடங்கியது. ராலே வங்காளத்து அசன்சோலில் சென் குடும்பத்தோடு கூட்டுச் சேர்ந்தது. சுவருக்கு மேலே ஏறிக் குதிக்க முடியாதவன் சுவருக்கு உள்ளேயே வீடு கட்டிக்கொண்டான். டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸின் தலைவராக இருந்த சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டின் பெயரில் அம்பத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி இன்றும் நடக்கிறது. பிரசவத்துக்கு வந்து போகிற பெண்கள் பலருக்கு அந்தப் பெயர் பர்மிங்ஹாம் பக்கத்து இரும்புக் குழாய் முதலாளியுடையது என்று தெரிய நியாயமில்லை. பிறகு அதே குழுமம் அமெரிக்காவின் டைமண்ட் செயின் கம்பெனியோடு சேர்ந்து இங்கேயே சங்கிலி செய்யவும் தொடங்கியது.

கதை அங்கே முடிந்திருந்தால் பழைய கதை. 2010-இல் இந்த அம்பத்தூர் நிறுவனம் பிரான்சில் செடிஸ் என்ற பழைய சங்கிலித் தொழிற்சாலையின் பெரும்பங்கை வாங்கியது. 2018-இல் இலங்கையில் இரண்டு சைக்கிள் கம்பெனிகளில் நூற்றுக்கு 80 பங்கு வாங்கியது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சைக்கிளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வரி நூற்றுக்கு 14-ஐ ஒட்டி. போல்ட்டைப் போல் அலட்சியம் செய்துவிட முடியாத வரி. மனித உரிமை, தொழிலாளர் உரிமை உடன்படிக்கைகளை நிறைவேற்றும் நாடுகளுக்கான சிறப்புச் சலுகை இலங்கைக்கு இருந்தது. 2010 ஆகஸ்டில் பறிபோய், 2017 மே மாதம் திரும்ப வந்தது. அந்தச் சலுகையில் இலங்கைச் சைக்கிளுக்கு வரி இல்லை. சலுகை திரும்பிய மறு ஆண்டு அம்பத்தூர் அங்கே கால் வைத்திருக்கிறது. வாங்கியதற்குத் தொழில்நுட்பம், வாடிக்கையாளர் என்று வேறு காரணங்களும் இருந்திருக்கும். ஒரு நிறுவனம் சுங்க வரியை மட்டும் பார்த்துக் கம்பெனி வாங்காது. ஆனாலும் 1949-இல் ஆங்கிலேயன் நமக்குச் செய்ததை நாம் இன்னொரு திசையில் செய்ய அறுபது, எழுபது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன என்று எண்ணிப்பார்க்க ஆட்டோவில் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

இந்த விளையாட்டில் ஆபத்தும் உண்டு. சீனச் சைக்கிளுக்கு எதிராக ஒன்றியம் 1993 முதல் குவிப்புத் தடுப்பு வரி போட்டுவருகிறது. பிறகு அது நூற்றுக்கு 48.5 வரை போனது. உடனே சீனாவின் பாகங்கள் பெட்டியில் அடைந்து வேறு நாடுகளுக்குப் போய்ப் பூட்டப்பட்டுச் சைக்கிளாகின. 2013-இல் ஒன்றியம் அதே வரியை இலங்கை, இந்தோனேசியா, மலேசியா, துனீசியா வழியாக வரும் சைக்கிள்களுக்கும் நீட்டியது. நாங்களே செய்கிறோம் என்று நிரூபித்த கம்பெனிகள் தப்பின. பாடியில் 1966-இல் தொடங்கிய சுந்தரம் ஃபாஸ்டனர்ஸின் அனுபவம் வேறு மாதிரி. வட இங்கிலாந்தின் கிராம்லிங்டனில் ஒரு ஃபோர்ஜிங் ஆலையை அது 2000களின் தொடக்கத்தில் வாங்கியபோது அந்த ஊர் ஐரோப்பியச் சுங்க வளையத்துக்குள் இருந்தது. ஆலை அதே இடத்தில்தான் இருந்தது; 2020 டிசம்பர் 31 நள்ளிரவில் பிரிட்டன் வளையத்தை விட்டு வெளியே வந்ததும் அதுவும் வெளியே வந்துவிட்டது. ஐரோப்பாவுக்கு வரியில்லாமல் அனுப்பலாம், ஆனால் பொருள் எங்கே உருவானது என்று காகிதத்தில் காட்ட வேண்டும். பூமியில் நகராத ஒரு ஆலை சுங்க வரைபடத்தில் இடம் மாறிவிட்டது.

ஆவடியில் இறங்கியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ராணுவ வளாகங்களின் மதில்களே ஊரில் பாதி. கனரக வாகனத் தொழிற்சாலை, ராணுவ உடைத் தொழிற்சாலை, டாங்கி ஆய்வு நிலையம். 1965-இல் விஜயந்தா டாங்கி இங்கிருந்துதான் வெளியே வந்தது, அதுவும் ஆங்கிலேய விக்கர்ஸ் கம்பெனியின் உரிமத்தில். ஆனால் பாடப்புத்தகத்தில் ஆவடி இருப்பது வேறொன்றுக்காக. 1955 ஜனவரியில் இங்கே கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயம் என்பதைக் குறிக்கோளாக அறிவித்தது. நேரு பிரதமர், தேபர் கட்சித் தலைவர், விருந்தோம்பியவர் காமராஜர். இறக்குமதிக்கு உரிமம், உரிமத்துக்கு ஒதுக்கீடு, அதற்கும் மேலே சுங்க வரி என்று பின்னால் எழுந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் ஆவடித் தீர்மானம்தான் விதை என்று சொல்வது மிகை. அது ஏற்கெனவே தொடங்கிவிட்டது, சைக்கிளே சாட்சி. ஆனால் அந்த நோக்கத்துக்கு ஒரு ஊர்ப்பெயர் வேண்டுமென்றால் இதுதான்.

அந்தச் சுவரைத் திட்டுவது இப்போது பழக்கமாகிவிட்டது. 1991-இல் உச்ச வரியைக் குறைத்தபோதே குறைத்த பிறகு இருந்தது நூற்றுக்கு 150. அப்படியென்றால் குறைப்பதற்கு முன்னால் எப்படி இருந்திருக்கும்! ஆனால் அம்பத்தூரும் பாடியும் அந்தச் சுவரின் நிழலில்தான் தொழில் கற்றுக்கொண்டன. டூல் ரூமில் வேலை கற்று வெளியே வந்து ஷெட் போட்ட என் பட்டறைக்காரர் அந்த நிழலின் பேரப்பிள்ளை. இன்றும் அவருடைய கம்பி அந்த நிழலிலிருந்து முழுதாக வெளியே வரவில்லை: வெளிநாட்டுக் கம்பிக்கு இந்தியா வரி போடுவதால் உள்ளூர் ஆலை சொல்லும் விலைதான் விலை. ஐரோப்பாவின் சுவரைப் பற்றி நாலு வார்த்தை சொன்னவர் நம் சுவரைப் பற்றிப் பத்து வார்த்தை சொன்னார். அவற்றில் சிலதை அச்சில் போட முடியாது.

சுங்க ஒன்றியத்துக்கு வெளியே தள்ளப்படுவது எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழ் மண்ணிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. அதைச் செய்தது நாம். பிரெஞ்சுப் புதுச்சேரியும் பிரிட்டிஷ் இந்தியாவும் 1941-இல் ஒரு சுங்க ஒன்றியம் ஏற்படுத்திக்கொண்டன. 1949 ஏப்ரலிலிருந்து அது இல்லை என்று சுதந்திர இந்தியா முடித்துவிட்டது. அதே 1949. வயலுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற எல்லையில் சுங்கச் சாவடிகள் முளைத்தன. பக்கத்து ஊருக்குத் துணி கொண்டுபோனால் சோதனை. பிரெஞ்சு ஆட்சி 1954-இல் முடிந்ததற்கு அரசியல் காரணங்கள் பல. அந்த ஐந்தாண்டுச் சுங்க நெருக்கடியும் அவற்றில் ஒன்று என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு பஸ். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் கொஞ்சம் காற்று. மற்றபடி வழி நெடுக மனைப்பிரிவு, ஹார்டுவேர் கடை, பிரியாணி. கரையான்சாவடியில் இறங்கிக் கிளியரிங் ஏஜென்ட்டின் வீட்டு மாடிக்கு ஏறினேன். நாற்பதைத் தாண்டியவர், நான்கு செல்போன். பூந்தமல்லியில் ஏன் ஆபீஸ் என்று கேட்டதற்கு ஜன்னலைக் காட்டினார். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலிருந்து வரும் கண்டெய்னர்கள் அம்பத்தூர்ச் சரக்கோடு சேர்வது இந்த வட்டாரத்தில்தான். காட்டுப்பள்ளித் துறைமுகம் என்றால் நசரத்பேட்டையில் ஏறி வெளிவட்டச் சாலையில் மீஞ்சூர் போய்விடலாம். சென்னைத் துறைமுகம் என்றால் மதுரவாயல். அங்கே கூவத்துக்குள் தூண்கள் நின்றன. துறைமுகத்துக்கு மேம்பாலச் சாலைக்கு 2009 ஜனவரியில் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 2012-இல் வேலை நின்றது. ஆற்றில் வெறும் தூண்கள் பத்தாண்டு நின்றன. 2022 மே மாதம் ஈரடுக்காகத் திட்டத்தை மாற்றி மோடி இன்னொரு அடிக்கல் நாட்டினார். இருபது கிலோமீட்டர்தான். "ஐரோப்பாக்காரன் வரியைச் சொல்றாங்க சார். கண்டெய்னர் போர்ட் கேட்டுல நிக்கிற ஒவ்வொரு மணிக்கும் ட்ரெய்லர்காரனுக்கு வெயிட்டிங் சார்ஜ் குடுக்கிறோம். அதுக்கு எந்த ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுறது?"

ஒப்பந்தப் பேச்சு வந்துவிட்டதால் அதையும் கேட்டேன். ஐரோப்பிய ஒன்றியத்தோடு தடையற்ற வர்த்தகம் பேச இந்தியா உட்கார்ந்தது 2007-இல். 2013-இல் எழுந்துவிட்டது. 2022-இல் மறுபடி உட்கார்ந்தது. பேச்சு முடிந்ததென்று 2026 ஜனவரி 27 அன்று டெல்லியில் அறிவித்தார்கள். இந்தியத் தொழிற்பொருட்கள் பெரும்பாலானவற்றுக்கு ஐரோப்பாவில் வரி நீங்கும். சட்டைக்கு அது பெரிய விஷயம், வங்கதேசத்தோடு சமமாக நிற்கலாம். பிரிட்டனோடு தனி ஒப்பந்தம், 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தானது. எல்லாம் நல்ல செய்திதான் என்றார் ஏஜென்ட். மேசை மேல் கிடந்த ஒரு கோப்பைத் திறந்து, ஒரே ஒரு ஷிப்மென்ட்டுக்கான காகிதங்களை வரிசையாக வைத்தார். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், பொருள் எங்கே உருவானது என்ற அறிவிப்பு, அதற்கு ஆதாரமாக மூலப்பொருள் வாங்கிய பில்கள், டெஸ்ட் சர்டிபிகேட். அவற்றுக்குப் பக்கத்தில் காலியாக ஒரு எக்செல் அச்சு: கார்பன் கணக்கு. சலுகை வரி வேண்டுமென்றால் சரக்கு இந்தியாவில் உருவானது என்று நிரூபிக்க வேண்டும். நிரூபித்த பிறகும் புகைக்கணக்கு தனியாக நிற்கும். ஒப்பந்தத்தில் அதற்கு விலக்கு இல்லை.

"பெரிய கம்பெனில இதுக்குன்னே ஒரு டிபார்ட்மென்ட் இருக்கு. எக்ஸ்பர்ட் வெச்சு உலை வரைக்கும் கணக்கு எடுத்துடுவான். உங்க ஆளுக்கு நானும் அவர் பொண்ணும்தான். பொண்ணு பி.காம். ராத்திரி உக்காந்து பூர்த்தி பண்ணுது."

3.7 என்ற எண்ணைக் காலையில் பட்டறைக்காரர் ஏன் அவ்வளவு அலட்சியமாகத் தள்ளினார் என்பது இங்கே விளங்கியது. வரி சரக்குக்குத் தக்க ஏறும், இறங்கும். நாலு பெட்டி அனுப்பினால் நாலு பெட்டிக்குத்தான் வரி. காகிதம் அப்படி இல்லை. நாற்பது கண்டெய்னர் அனுப்புகிறவனுக்கும் நாலு பெட்டி அனுப்புகிறவனுக்கும் அதே படிவம், அதே ஆதாரம், அதே ராத்திரி. வரியைக் குறைத்துக் காகிதத்தைக் கூட்டிக்கொண்டே போனால் சுவரின் உயரம் ஆளுக்கு ஆள் மாறும். பிரான்சில் ஆலை வாங்க முடிந்தவனுக்கு அது முழங்கால் மட்டம்.

ஏஜென்ட் கடைசியாகச் சொன்னதை அம்பத்தூரில் பட்டறைக்காரர் என்னிடம் சொல்லவில்லை. ஜெர்மனிக்கான அடுத்த லாட்டை அவர் தன் பெயரில் அனுப்பப்போவதில்லை. கார்பன் கணக்கு வைத்திருக்கும் ஒரு பெரிய ஏற்றுமதிக் கம்பெனிக்கு உள்ளூர் விலையில் கொடுத்துவிடப் பேசி முடித்திருக்கிறார். கிலோவுக்குக் கொஞ்சம் நஷ்டம். போல்ட் அதே போல்ட், வாங்குகிறவரும் அதே ஜெர்மன்காரர். பெட்டி மேல் ஒட்டுவதற்கு அந்தக் கம்பெனி லேபிள் அனுப்பிவிட்டதா என்று என் முன்னாலேயே ஒரு செல்போனை எடுத்துப் பட்டறைக்குக் கேட்டார் ஏஜென்ட். வந்துவிட்டதாம், ஆனால் சைஸ் சின்னதாக இருக்கிறதாம், பழைய பெயர் அதற்கு மேலே எட்டிப் பார்க்கிறதாம். பெயின்ட் அடிச்சுட்டு ஒட்டச் சொல்லு என்றார்.